தலைதட்டி ஆறு படி இருட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முதுகுளத்தூர் வந்திருந்தது. ஏர்வாடி வந்திருந்தது. தங்கச்சிமடம் வலை வேலையை அண்ணன் தலையில் கட்டிவிட்டுப் பாம்பன் பாலம் தாண்டி வந்திருந்தது. பாஸ் மட்டும் வரவில்லை. பாஸ் கத்தாரில் ஏதோ ஒரு கட்டடத்துக்கு ஏசி மாட்டிக்கொண்டிருந்தான்.

இவையெல்லாம் ஆட்களின் பெயர்கள். முதுகுளத்தூர் நான்தான். எங்களுக்கு இப்படிப் பெயர் வைத்தவரை நாங்கள் கண்டக்டர் என்று கூப்பிட்டோம். அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் எந்த பஸ்ஸிலும் வேலை பார்க்கவில்லை. ராமநாதபுரத்தில் நான் படித்த கல்லூரியில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவர், இயற்பியல் மாணவி. ஞாயிறு தோறும் எங்களுக்கு ஓர் ஆட்டம் நடத்துவார். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடுகிற ஆட்டம். ஆளுக்கு ஒரு பாத்திரம் உண்டு. நடத்துகிறவர் ஒரு உலகத்தைச் சொல்லச் சொல்ல, நாங்கள் அதற்குள் நடப்போம், சண்டை போடுவோம், மந்திரம் சொல்வோம். சந்தேகம் வந்தால் பகடை தீர்க்கும். ஆங்கிலப் புத்தகத்தில் நடத்துகிறவருக்கு மாஸ்டர் என்று பெயர். அவருக்கு அது பிடிக்கவில்லை. "நான் யாருக்கும் மாஸ்டர் இல்லப்பா. நடத்துறவ நடத்துநர்தானே" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தங்கச்சிமடம், "அப்ப கண்டக்டர்னு சொல்லுங்க" என்றான். அவரும் சளைக்கவில்லை. அன்றிலிருந்து எங்களை ஊர்ப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். "முதுகுளத்தூரு, ஒன் முறை. ஏர்வாடி, எறங்குறியா நிக்கிறியா?"

அவருடைய சொந்தத் தம்பிக்கு எந்த ஊர் வைப்பது? ஒரே வீடு, ஒரே ஊர். "வீட்டு ஆளு டிக்கெட் எடுக்க மாட்டான், இவன் பாஸ்" என்று ஏர்வாடி சொன்னாள். பெயர்தான் பாஸ். அவனுக்கு அக்காவிடம் ஒரு சலுகையும் கிடைத்ததில்லை. ஆடிய முதல் நாளே ஒரு பாழுங்கிணற்றைப் பார்த்து, "நான் உள்ள குதிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

"குதிச்சிட்ட" என்றார் கண்டக்டர்.

"யக்கா, சும்மா சொன்னேன்."

"சொல்லிட்டேல்ல. டிக்கெட் கிழிச்சாச்சு."

பாஸுடைய பாத்திரம் அடுத்த ஞாயிறு வரை கிணற்றுக்குள்ளேயே கிடந்தது. பாஸ் மேசையில் உட்கார்ந்து எங்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

டிக்கெட் கிழிச்சாச்சு. அவரைப் பற்றி இந்த ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். வாயிலிருந்து வந்த சொல் வந்ததுதான். அடுத்தவர் சொல்லுக்கு அவர் காட்டிய கறாரைவிடத் தன் சொல்லுக்குக் காட்டியது கூடுதல்.

அவருடைய அப்பா சீரியல் செட், குழல்விளக்கு, ஜெனரேட்டர், மைக் எல்லாம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். ஒரு முறை உத்தரகோசமங்கையில் ஒரு காதுகுத்துக்கு, சாயங்காலம் இருட்டுவதற்குள் வெளிச்சம் போட்டுவிடுவோம் என்று போனில் கண்டக்டர் சொல்லிவிட்டார். வேன் கடை வாசலிலேயே படுத்துவிட்டது. நான் ஊருக்குப் போக முதுகுளத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பஸ் நிலையத்தில் கழுத்திலும் இரண்டு தோளிலும் சீரியல் பல்பு வயரை மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு ஒருவர் ஏறினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"என்னம்மா, மாப்பிள்ளை அழைப்பா?" என்றார் அந்த பஸ்ஸின் உண்மையான கண்டக்டர்.

"லக்கேஜுக்கும் சேத்துக் கிழிங்கண்ணே" என்றார் எங்கள் கண்டக்டர். என்னைப் பார்த்ததும் ஒரு வயர்ச் சுருளைத் தூக்கி என் மடியில் வைத்தார். "புடி. பல்பு ஒடஞ்சா ஒங்க அய்யாகிட்ட வாங்குவேன்." நான் உத்தரகோசமங்கையில் இறங்கி, பந்தலில் ஏறி, முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். இருட்டுவதற்குள் வெளிச்சம் வந்துவிட்டது.

அந்தக் கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில்தான் ஆட்டம் நடக்கும். சுற்றிலும் வெளிச்சச் சாமான்கள். நாங்கள் நடுவில் உட்கார்ந்து இருட்டைப் பற்றிச் சண்டை போடுவோம். அவருடைய அப்பா கரண்டு டெஸ்டரைக் காதில் செருகிக்கொண்டு எட்டிப் பார்த்து, "நான் வெளிச்சத்த வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கிறேன். எம் மக இருட்ட ஓசியில விடுது" என்பார்.

அந்த ஆட்டத்தில் இருட்டு பெரிய விஷயம். "கிளாஸ்ல என்ன படிச்சோம்? இருட்டுன்னு ஒரு பொருளே கெடையாது, வெளிச்சம் இல்லாத எடம், அம்புட்டுதான்" என்று கண்டக்டர் முதலில் எங்களுக்கு விளக்கினார். "இங்கன அப்படி இல்ல. இங்கன மந்திரம் சொல்லி உண்டாக்குற இருட்டுக்கு ஒடம்பு உண்டு. பந்தம், அரிக்கேன் எல்லாம் அதுக்குள்ள எரியும், ஆனா காட்டாது. மந்திரத்துல வந்த இருட்ட மந்திரத்துல வந்த வெளிச்சந்தான் அடிக்கும்."

"எனக்கு ஆந்தைக் கண்ணு இருக்கே" என்றாள் ஏர்வாடி. அவளுடைய பாத்திரத்துக்கு இருட்டில் பார்க்கிற கண் உண்டு. அதற்காகவே அந்தப் பாத்திரத்தை எடுத்திருந்தாள்.

"சாதா இருட்டுல ஆந்தை. மாய இருட்டுல நீயும் கோழிதான்."

"அல்லாவே, இதுக்கா நான் இந்தக் கண்ண வாங்குனேன்!"

மந்திரங்களுக்கு வலிமை வரிசை உண்டு. ஒன்றாம் நிலை, இரண்டாம் நிலை என்று ஏறிக்கொண்டே போகும். மாய இருட்டும் மாய வெளிச்சமும் மோதினால் எது மேல்நிலையோ அது ஜெயிக்கும். சமமாக இருந்தால் பிந்தி வந்தது நிற்கும். எனக்கு அப்போது ஆங்கிலம் தகராறு என்பதால் கண்டக்டர் விதிகளையெல்லாம் தமிழில் சொல்வார். நிலை என்பதற்கு அவர் போட்ட சொல் படி. கோயில் படி, மாடிப் படி மாதிரி, ஏறுகிற படியைத்தான் அவர் நினைத்திருந்தார்.

எங்கள் வீட்டில் படி என்றால் இரண்டுதான். ஒன்று, அம்மா என்னைப் பார்த்துச் சொல்வது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்துக் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அதனால் அந்தச் சொல்லை ஒரு நாளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கு இல்லை. இன்னொன்று, தானியம் அளக்கிற இரும்புப் படி. அய்யாவும் அம்மாவும் களை எடுக்க, கதிர் அறுக்கக் கூலிக்குப் போனவர்கள். நான் சின்னவனாக இருந்தபோது சில வீடுகளில் கூலியைத் தானியமாகவே அளந்து போடுவார்கள்.

ஒரு ஞாயிறு, கண்டக்டர் ஒரு சுரங்கத்துக்குள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தி, பேச்சு வாக்கில், "முன்னால நாலு படி இருட்டு கெடக்கு" என்றார். நாலாம் படி என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு படி என்றுதான் வாயில் வந்தது.

நான் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "என்கிட்ட ரெண்டு படி வெளிச்சம் இருக்கு. ஏர்வாடிகிட்ட மூணு. ரெண்டையும் சேத்து ஊத்துனா அஞ்சு. நாலு படி இருட்டு முங்கிரும்ல?"

தங்கச்சிமடம் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். "எலேய், இருட்டு என்ன குதிரவாலியா, அளந்து கொட்டுறதுக்கு?"

ஏர்வாடி போனில் இருந்த ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்துவிட்டாள். "அது லெவல்டா. கூட்ட முடியாது. எட்டாங்கிளாஸ் படிக்கிற ரெண்டு பேரச் சேத்தா பதினாறாங்கிளாஸ் ஆயிருமா?"

என் காது சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. கண்டக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கன்னத்தில் கைவைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"புக்குல அப்படி இல்ல. ஏர்வாடி சொல்றது சரி" என்றார். "ஆனா நான் புக்க வாசிக்கல. நாலு படின்னு சொன்னேன். நாலு படின்னு சொன்னா, கேக்குறவன் அளந்து ஊத்தத்தான் செய்வான். டிக்கெட் கிழிச்சாச்சு. ஊத்து."

ஊற்றினேன். இருட்டு முங்கியது. அன்றிலிருந்து எங்கள் மேசையில் வெளிச்சத்தைச் சேர்த்து ஊற்றலாம் என்பது சட்டம். எங்கள் வீட்டு இரும்புப் படி ஒரு மந்திர உலகத்துக்கே அளவாகிவிட்டது. அன்று பஸ்ஸில் ஊருக்குப் போகும்போது எனக்கு இருந்த பெருமையை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு நிமிர்கிறது. மார்க் ஷீட் வாங்கிய அன்றுகூட அப்படி இல்லை.

ஆட்டம் முடிந்த பிறகு படியைப் பற்றி அவர் என்னைத் துருவித் துருவிக் கேட்டார். எல்லாப் படியும் ஒரு படி இல்லை என்று சொன்னேன். அளந்து, விளிம்புக்கு மேலே இருப்பதைக் கையால் வழித்துத் தள்ளிவிட்டுக் கொடுத்தால் அது தலைதட்டி. வழிக்காமல் மேலே கோபுரமாக நிற்க விட்டுக் கொடுத்தால் அது குவிச்ச படி. குவித்து அளந்தால் அஞ்சு படி, தலைதட்டி அளந்தால் ஆறு படிக்குச் சமம். அது எங்கள் வீட்டுக் கணக்கு. குவித்துப் போடுகிற வீடு எவ்வளவு தூரமானாலும் அய்யா நடந்து போவார் என்றும் சொன்னேன்.

"தலைதட்டி" என்று அவர் தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிடித்த சொல்லை அவர் விடமாட்டார். மறுவாரமே அப்பாவிடம், "டீயில சீனி தலைதட்டி ஒரு கரண்டிதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்களிடம் ஒன்று மட்டும் எச்சரித்தார். "வெளிச்சத்த ஊத்தலாம்னா இருட்டையும் ஊத்தலாம். ஞாபகம் வச்சுக்கங்க." நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை.

அந்த வருஷம் பாஸுக்கு கத்தார் விசா வந்தது. ஏசி மெக்கானிக் டிப்ளமோ முடித்திருந்தான். கிளம்புவதற்கு முன் தன்னுடைய பாத்திரத் தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தான். அவனுடைய பாத்திரம் ஒரு பந்தக்காரன். கூட்டத்துக்கு முன்னால் பந்தம் பிடித்துப் போகிறவன். கூடவே ஒரு கழுதை. வேறு சொத்து இல்லை. ஆனால் அந்தக் கழுதைக்குத் தாளின் பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தான், அதற்கு என்ன பிடிக்கும், எதைக் கண்டால் மிரளும் என்று.

"முதுகுளத்தூரு, என் ஆள உசுரோட வச்சிரு. லீவுல வந்து நானே ஆடுவேன்" என்றான். பிறகு அக்காவைப் பார்த்து, "நான் இல்லன்னு கொன்றாத யக்கா" என்றான்.

"நீ இருந்தாலும் இல்லாட்டியும் ஒரே ரேட்டுதான்" என்றார் கண்டக்டர். ரயிலடிக்கு வரவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. வாராவாரம் அன்றைக்குப் போன் பண்ணுவான். ஒரு அறையில் எட்டுப் பேர், சாப்பாடு சரியில்லை, மொழி புரியவில்லை என்றெல்லாம் பிறகு சொல்வான். எடுத்ததும் முதல் கேள்வி, "என் ஆளு இருக்கானா?" அப்பாவைக்கூட அப்புறம்தான் விசாரிப்பான். "அது ஒண்ணுதான் அவன் நம்மகூட இருக்கறதுக்கு ருசு" என்று கண்டக்டர் ஒரு தடவை ஏர்வாடியிடம் சொன்னாராம். எங்களிடம் அப்படியெல்லாம் பேசமாட்டார்.

இனி அந்த ஞாயிறு. ஓர் உடைந்த பாலம். பந்தக்காரன் நடுப்பாலத்தில் நிற்கிறான், அவனுக்குப் பின்னால் கழுதை, அதற்கும் பின்னால் நாங்கள். எதிர்க்கரையில் மூன்று இருட்டுக்காரிகள். அவர்களிடம் ஆளுக்கு இரண்டு படி இருட்டு இருந்தது. அந்த மூன்று பேரும் ஒன்றாகக் கையை நீட்டுவதைக் கண்டக்டர் நடித்துக் காட்டினார்.

"மூணு பேரும் சேத்து ஊத்துறாளுக. தலைதட்டி ஆறு படி இருட்டு. பாலம் மறைஞ்சிருச்சு. பந்தக்காரன் கையில பந்தம் எரியுது, சூடு தெரியுது, வெளிச்சம் தெரியல. ஒருத்தி அவனத் தள்ளிவிட வாரா. அவளுக்கு அந்த இருட்டுல கண்ணு தெரியும். ஒங்களுக்கு ஒரு முறை இருக்கு."

என்னிடம் இரண்டு, ஏர்வாடியிடம் மூன்று. அஞ்சு படி. ஒரு படி குறைகிறது.

ஏர்வாடி மேசையைத் தட்டினாள். "புக்குப்படி பாத்தா இது இரண்டாம் லெவல் இருட்டு. எம்புட்டுப் பேரு ஊத்துனாலும் இரண்டாம் லெவல்தான். என் மூணாம் லெவல் வெளிச்சம் ஒண்ணே அத ஊதித் தள்ளிரும்."

"ஆமா" என்றார் கண்டக்டர்.

"அப்ப இன்னைக்கு ஒரு நாள் புக்குப்படி போவோம்."

"அந்த வண்டி போயிருச்சு, ஏர்வாடி."

தங்கச்சிமடம் எழுந்தே விட்டான். "வெள்ளிக்கிழம அவன் கேப்பான். என்னன்னு சொல்லுவீக? இவன் குதிரவாலி அளக்கப்போயி ஒன் ஆளு செத்தான்னா?"

அவன் என்னைக் காட்டித்தான் சொன்னான். எனக்கே அப்படித்தான் இருந்தது. நான் கொண்டுவந்த படி, என் பையில் இருக்கும் அவனுடைய ஆளைக் கொல்லப்போகிறது. "எனக்கு அந்த விதி வேணாம் கண்டக்டர். நான் வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றேன்.

"அது ஒன்னோட விதி இல்ல, நான் குடுத்த வாக்கு. அத வாபஸ் வாங்க நீ யாரு?" அவர் குரல் ஏறவில்லை. ஆனால் பகடையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

பல்பு துடைத்துக்கொண்டிருந்த அப்பா வாசலில் வந்து நின்றார். "ஏத்தா, தம்பிக்கு ஒரு தடவ விட்டுக் குடுத்தா என்ன?"

"அய்யா, நீங்க டிக்கெட் எடுக்கல. படியில நின்னு பேசாதீக" என்றார். தம்பிக்காக அவர் இறங்கி வரப்போவதில்லை என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. அவர் கண் மட்டும் பாத்திரத் தாள் துருத்திக்கொண்டிருந்த என் சட்டைப் பையிலேயே இருந்தது.

படியில நின்னு பேசாதீக. அந்தச் சொல்லில்தான் எனக்குப் பொறி தட்டியது.

"கண்டக்டர், இருட்டு எம்புட்டுன்னு சொன்னீக?"

"ஆறு படி."

"முழுசாச் சொல்லுங்க."

அவர் பகடையை மேசையில் வைத்தார். "தலைதட்டி ஆறு படி."

"நாங்க குவிச்சு அளக்குறோம்" என்றேன். "அஞ்சு படி வெளிச்சம். தலை தட்டாம, குவிச்சு."

தங்கச்சிமடத்துக்குப் புரியவில்லை. ஏர்வாடிக்குப் புரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டாள். குவித்து அளந்த அஞ்சு, தலைதட்டிய ஆறுக்குச் சமம்.

"அப்ப அவளுகளும் குவிச்சு ஊத்துவாளுகள்ல?" என்றார் கண்டக்டர்.

"தலைதட்டின்னு நீங்கதான் சொன்னீக. டிக்கெட் கிழிச்சாச்சு."

அவரிடம் அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொன்ன முதல் ஆள் நான்தான். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். விரல் விட்டு எண்ணினார். "ஆறுக்கு ஆறு, சமம். சமம்னா பிந்தி வந்தது நிக்கும். பிந்தி வந்தது யாரு?"

"நாங்க!" என்று மூன்று பேரும் கத்தினோம்.

"கத்தாதீக. கணக்கு முடியல." அவர் முன்னால் குனிந்தார். "குவிக்கிற தானியம் சும்மா வராது. சாக்குலருந்து வரணும். ஒங்க மந்திரம் அஞ்சு படிதான். மேல நிக்கிற கோபுரத்துக்கு ஒங்க சாக்குலருந்து என்ன போடுறீக?"

இதுதான் அவர். வழி இருந்தால் அடைக்கமாட்டார். கட்டணம் வாங்காமல் விடவும் மாட்டார்.

என் பாத்திரம், ஓர் ஆடு மேய்க்கிற வீட்டிலிருந்து போய் மந்திரம் கற்றவன். அவன் ஊரில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள். நான் அவனை என்னைப் போலவே செய்திருந்தேன். அவனிடம் போடுவதற்கு வேறு எதுவும் இல்லை. "அவன் படிச்ச மந்திரம் எல்லாத்தையும் போடுறேன்" என்றேன். "இனி அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது."

"நெசமாவா?" என்று கண்டக்டர் மெதுவாகக் கேட்டார். அவர் இரண்டாவது தடவை கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

"கிழிங்க" என்றேன்.

ஏர்வாடி பெருமூச்சு விட்டாள். "என் ஆந்தைக் கண்ணு ரெண்டையும் எடுத்துக்கங்க. இருந்தும் கோழியாத்தான இருக்கேன்."

"இன்னும் கோபுரத்துல கொஞ்சம் கொறையுது" என்றார் கண்டக்டர்.

தங்கச்சிமடம் தலையைச் சொறிந்தான். அவன் பாத்திரம் ஈட்டிக்காரன். "என்கிட்ட மந்திரமும் இல்ல, மண்ணும் இல்ல. கழுத இருக்குல்ல, அதப் போடுவோம்."

"அது பாஸோட கழுத" என்றேன்.

"பொழைக்கப் போறது யாரு? பாஸ்தான? அவனும் ஒரு பங்கு போடட்டும்!"

கண்டக்டர் அதை யோசித்தார். தம்பியின் பங்கைத் தம்பி போடுவது நியாயம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "சரி. ஊத்துங்க" என்றார்.

ஊற்றினோம். இருட்டு விலகியதையும், தங்கச்சிமடம் ஓடிப்போய் ஈட்டியை நீட்டியதையும், பந்தக்காரன் ஒரு கையால் பாலத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கியதையும் அவர் சொன்னபோது குரல் ஒரு இடத்தில் உடைந்து, இருமலாகி, சரியானது. அதே நேரம் அறை முழுக்கக் கிடந்த சீரியல் செட்டுகள் சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. திரும்பிப் பார்த்தோம். அப்பா சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றார். "டெஸ்டிங்" என்றார்.

தலைதட்டி என்ற சொல்லை அவர் வேண்டுமென்றே சொன்னாரா என்று பிறகு பல தடவை கேட்டுவிட்டேன். தம்பிக்கு ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுத்தான் இருட்டை ஊற்றினாரா? "சொன்னதச் சொன்னேன்" என்பார், அவ்வளவுதான். இப்போது கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்ட மோட்டார் எங்கேயும் நின்றுபோயிருக்காது என்று நான் பந்தயம் கட்டுவேன். நான் திருச்சியில் வேலை பார்க்கிறேன், இங்கேயும் ஒரு கூட்டத்தோடு சனிக்கிழமைகளில் ஆடுகிறேன். புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர்கள். லெவல் என்கிறார்கள். நானும் இப்போது ஆங்கிலத்திலேயே படித்துவிடுகிறேன். ஆனாலும் என் முறை வரும்போது படி என்றுதான் சொல்வேன். என்ன படி என்று யாராவது கேட்டால், ராமநாதபுரத்தில் ஒரு கண்டக்டர் இருந்தார் என்று ஆரம்பிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் கடையில் கூடிவிட்டோம். போன் அடித்தது. கண்டக்டர் அதை ஸ்பீக்கரில் போட்டு மைக் பெட்டிமேல் வைத்தார்.

"என் ஆளு இருக்கானா?"

"இருக்கான்."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பின்னால் யாரோ இந்தியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "ஏர்வாடி மெசேஜ் போட்டிருந்துச்சு, பெரிய கண்டமாமே. என்ன செலவாச்சு யக்கா?"

நாங்கள் கண்டக்டரைப் பார்த்தோம். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தங்கச்சிமடம் கையால் சாடை காட்டினான். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. எதையும் கூட்டாமல் குறைக்காமல், தலைதட்டிச் சொன்னார்:

"அஞ்சு படி வெளிச்சம். முதுகுளத்தூரு படிச்ச படிப்பு பூராவும். ஏர்வாடியோட கண்ணு ரெண்டு. ஒன் கழுத ஒண்ணு."